வீட்டுக்கோழியின் முதல் முட்டைகள்: குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வழிமுறை

குஞ்சிலிருந்து வளர்த்த கோழி முட்டை வைக்கத் தொடங்கினால் வீடே கலகலப்பாகிவிடும். கூடவே சந்தேகங்களும் வந்து சேரும். ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? ஓட்டில் ரத்தம் எப்படி வந்தது? நேற்று இட்ட கோழி இன்று ஏன் சும்மா இருக்கிறது? அந்தச் சந்தேகங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படும் குறை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் வரும் விசித்திரமான முட்டைகளில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். மஞ்சள் கரு சூலகத்தை விட்டு இறங்கியதும் வெள்ளைக் கரு சேர ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். உள்தோல் போர்த்த ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். ஓடு கட்ட மட்டும் 20 மணி நேரம் போய்விடும். ஆக ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம். பருவத்துக்கு வந்த விடைக்கோழியின் உடம்பு இந்த வேலைக்கு இப்போதுதான் பழகுகிறது. எந்தக் கட்டத்தில் நேரம் பிசகினாலும் அது முட்டையில் தெரியும். அதனால் முட்டையைப் பார்த்ததும் பதற வேண்டாம், முதலில் கோழியைப் பாருங்கள். தீனி எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, மண்ணைக் கிளறுகிறது, கொண்டை சிவந்திருக்கிறது என்றால் பொறுக்கலாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கித் தூங்கி வழிகிறது என்றால், முட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

## வயதாகிவிட்டது, முட்டை வரவில்லை

முதலில் வாரத்தைக் கணக்குப் போடுங்கள். முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் தொடங்கிவிடும். நாட்டு ரகங்களும் உடல் கனத்த ரகங்களும் 24 வாரம், 28 வாரம் என்று எடுத்துக்கொள்ளும். சில அதற்கு மேலும் இழுக்கும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளிலேயே ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

வயதைவிட உடம்பு சொல்வதை நம்பலாம். வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடியும் பெருத்து நன்றாகச் சிவக்கும். அதுவரை கைக்கு அகப்படாமல் ஓடிய கோழி, முதுகில் கை வைத்ததும் சிறகைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கி உட்காரும். இது தெரிந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் முட்டை வந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால், இருட்டிய பிறகு கோழியை மெதுவாகக் கையில் எடுத்து, எச்சத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் இடுப்பெலும்புகளைத் தடவிப் பாருங்கள். இடையில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்து, எலும்பு நுனி சற்று வளைந்து கொடுத்தால், முட்டை வரும் நேரம். அல்லது ஏற்கெனவே எங்கோ இட்டுக்கொண்டிருக்கிறது.

அடையாளம் எதுவுமே இல்லையென்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். முட்டையிட நாளொன்றுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் இருப்பது நல்லது. கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை, மண்டையோட்டை ஊடுருவியும் மூளையைத் தொடுகிறது. அந்தத் தூண்டுதலில்தான் சூலகம் விழிக்கிறது. பகல் குறுகும் பருவத்தில் வயதுக்கு வந்த கோழி, பகல் நீளும் வரை காத்திருப்பதுண்டு. விளக்கு போடுவதானால் விடியலுக்கு முன் போடுங்கள். மாலையில் போட்டுத் திடீரென அணைத்தால் கோழிகள் இருட்டில் தூங்கும் கம்புக்கு ஏற முடியாமல் தடுமாறும். 16 வாரத்துக்கு முன் வெளிச்சத்தைக் கூட்டவே கூடாது. உடம்பு முற்றுவதற்குள் முட்டை தொடங்கினால் பின்னால் பல சிக்கல்கள் வரும்.

அடுத்தது தீனி. தானியத்தை மட்டும் தின்று வளர்ந்த கோழி கொழுக்கும், முட்டைக்கு வேண்டிய புரதம் சேராது. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளர்பருவத் தீவனத்தில் கால்சியம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். முட்டை சீக்கிரம் வரட்டும் என்று முட்டைக்கோழித் தீவனத்தை இளங்குஞ்சுகளுக்குப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேண்டாத கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் இளம் சிறுநீரகம் கெடும். 18 வாரம் முடிந்ததும், அல்லது முதல் முட்டையைக் கண்டதும் மாற்றினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோழி மெலிந்து கொண்டை வெளிறியிருந்தால் குடற்புழுவையும் பேனையும் சந்தேகியுங்கள். இறகை விலக்கி எச்சத்துவாரத்தைச் சுற்றிப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். சிவப்பு உண்ணி பகலில் கோழி மேல் இருக்காது, கம்பின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புத் தீற்றல் விழுந்தால் அதுதான்.

## கொக்கரிக்கிறது, முட்டையைக் காணோம்

முட்டை வைத்துவிட்டு ஊரைக் கூட்டும் கோழி, வைத்த இடத்தைக் காட்டிக்கொடுக்காது. திறந்து விட்டு வளர்த்தால் புதர், விறகு அடுக்கு, வண்டிக்கு அடி என்று எங்கு வேண்டுமானாலும் கூடு போட்டிருக்கும். அலைந்து தேடுவதைவிடச் சுலபமான வழி, சில நாள் நண்பகல் வரை கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது. கோழிகள் பெரும்பாலும் விடிந்ததிலிருந்து மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும். அந்த நேரம் உள்ளே கழிந்தால் பெட்டியில் இடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் ஒரு பொய் முட்டை, மரத்தாலோ பீங்கானாலோ செய்தது, வைத்துப் பாருங்கள். இங்கே ஏற்கெனவே ஒரு கோழி நம்பி இட்டிருக்கிறது என்பது விடைக்கோழிக்குப் பெரிய தைரியம்.

பெட்டி அதற்குப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலம், ஆழம், உயரம் போதும். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி, உள்ளே மங்கலான வெளிச்சம், அடியில் காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ. தூங்கும் கம்பைவிடப் பெட்டி தாழ்வாக இருப்பது முக்கியம். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதுவே படுக்கையாகி, விடியும்போது எச்சம் நிறைந்து கிடக்கும்.

ஒளித்த கூட்டில் ஒரு குவியல் முட்டை கிடைத்தால் எது எப்போது இட்டது என்று தெரியாது. தண்ணீரில் போட்டுப் பாருங்கள். புதியது அடியில் படுத்துக் கிடக்கும். நாளானது ஒரு முனையைத் தூக்கும், இன்னும் பழையது செங்குத்தாக நிற்கும், ரொம்பப் பழையது மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேற, உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாவதுதான் காரணம். இந்தச் சோதனை முட்டையின் வயதைத்தான் சொல்லும், கெட்டுப்போனதா என்று சொல்லாது. அதனால் அந்தக் குவியலில் தேறியவற்றையும் ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துதான் சமையலில் சேர்க்க வேண்டும்.

கூண்டைவிட்டு வெளியே விடாமலே முட்டை குறைகிறது என்றால் யாரோ தின்கிறார்கள். வைக்கோல் பிசுபிசுவென்று நனைந்து, ஓட்டுச் சில்லுகள் கிடந்து, ஒரு கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தால் அந்தக் கோழிதான். தடயமே இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பாக இருக்கலாம், அது முழுசாக விழுங்கிவிடும். எலி உருட்டிக்கொண்டு போகும். காக்கை குத்தி உடைத்துத் தின்னும். பாம்புக்கும் எலிக்கும் பதில் கூண்டின் கம்பி வலையில் இருக்கிறது, கண் சிறிய வலையாக மாற்றுங்கள். கோழியே தின்கிறது என்றால் முட்டையை ஒரு நாளில் பலமுறை எடுத்துவிடுங்கள், பெட்டியை இன்னும் இருட்டாக்குங்கள், படுக்கையைத் தடிமனாகப் போடுங்கள். இந்தப் பழக்கம் அநேகமாக மெல்லிய ஓட்டு முட்டை ஒன்று தற்செயலாக உடைந்து ருசி காட்டியதில்தான் தொடங்கும். ஓட்டைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

## நேற்று இட்டது, இன்று இல்லை

இது குறையே இல்லை. ஒரு முட்டைக்கு ஒரு நாளைவிடச் சற்று அதிக நேரம் பிடிப்பதால் இன்று காலையில் இட்ட கோழி நாளை கொஞ்சம் தாமதமாக இடும், மறுநாள் இன்னும் தாமதமாக. அப்படியே பிற்பகலைத் தொட்டதும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள், சமயத்தில் மூன்று நாள் இடைவெளி என்று தாறுமாறாகத்தான் இருக்கும்.

நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழிகள் எல்லாமே சேர்ந்தாற்போல் நிறுத்தினால் மட்டும் தண்ணீரைப் பாருங்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு நாள் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து காய்ந்து கிடந்தாலே பல நாள் முட்டை நிற்கலாம். இடம் மாறியது, புதுக் கோழி சேர்ந்தது, இரவில் நாய் வந்து மிரட்டியது, இவையும் காரணமாகலாம். ஒரே ஒரு கோழி மட்டும் பெட்டியைவிட்டு எழாமல், கையை நீட்டினால் உப்பிக்கொண்டு உறுமினால் அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் சேவல் சேர்ந்த முட்டை வைத்து 21 நாள் விடலாம். வேண்டாமென்றால் காற்றோட்டமான, படுக்கை இல்லாத கம்பித்தரைக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் தனியே விட்டால் அடை தெளியும்.

## மிகச் சிறியது, மஞ்சள் கரு இல்லை, இரட்டைக் கரு

மூன்றும் புதுக்கோழியின் முட்டையில் சகஜம். முதல் முட்டைகள் சிறியவையாகத்தான் இருக்கும், வாரம் ஏற ஏற எடை கூடும். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக, உடைத்தால் வெறும் வெள்ளைக் கருவோடு ஒன்று வந்தால், முட்டைக்குழாய் ஏதோ ஒரு திசுத் துணுக்கை மஞ்சள் கரு என்று நினைத்து வேலையை முடித்துவிட்டது. சூலகம் ஒரே சமயத்தில் இரண்டு கருவை இறக்கினால் இரட்டைக் கரு. எல்லாமே சாப்பிடலாம். இரட்டைக் கரு முட்டை பெரிதாக இருப்பதால் வெளிவரும்போது கோழி சிரமப்படும், அந்தக் கோழியை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

## ஓடே இல்லை, அல்லது ஓடு காகிதம்போல் இருக்கிறது

காலையில் கூண்டைத் திறந்தால் தூங்கும் கம்புக்கு நேர் கீழே, எச்சத்துக்கு நடுவில் கிடக்கும். எடுத்தால் உள்ளங்கையில் துவண்டு பரவும். விரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்து மெதுவாக நிமிரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக உருள்வது தெரியும். இதுதான் தோல்முட்டை. ஓடு கட்டும் அறையில் இருக்க வேண்டிய 20 மணி நேரத்தை முடிக்காமல் முன்னதாகவே வெளியே வந்துவிட்டது.

புதுக்கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை இட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் வந்தால், அல்லது பல கோழிகள் இட்டால், கால்சியம்தான் முதல் சந்தேகம். ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஒரு முட்டைக்குக் கோழி சுமார் 2 கிராம் கால்சியத்தைக் கொடுக்கிறது. தீனியில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஓடு மெலிவதை நாம் பார்க்கும்போது, உள்ளே எலும்பும் மெலியத் தொடங்கியிருக்கலாம். அதனால்தான் இதை அலட்சியம் செய்ய வேண்டாம் என்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. கிளிஞ்சலைப் பொடியாக அரைக்காமல் சிறு சில்லுகளாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீவனத்தோடு கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும், சேவலும் இளங்குஞ்சும் தொடாமல் போய்விடும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. சில்லாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மாவாக இருந்தால் சீக்கிரம் கடந்துவிடும். ஆகவே பிற்பகலில் அந்தக் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சமைத்த முட்டையின் ஓட்டையும் கொடுக்கலாம். கழுவி, சூடுகாட்டிக் காயவைத்து, முட்டையின் வடிவமே தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். தீனியை அரைக்க உதவும் சிறு கல் வேறு, இது வேறு. கல் கரையாது, ஓட்டுக்கு உதவாது.

கிளிஞ்சல் வைத்தும் மாற்றமில்லையா? தீவனத்தைவிடத் தின்பண்டம் அதிகமாகிறதா என்று பாருங்கள். அரிசி, மிச்சச் சோறு, தானியம் எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கணக்குக் கெட்டுவிடும். வெயிலே படாத கூண்டானால் வைட்டமின் டி குறைந்து, தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. கடும் கோடையானால் காரணம் வேறு. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இளைக்க இளைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். வெயில் காலத்தில் ஓடு மெலிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிழல், குளிர்ந்த தண்ணீர், வெயில் ஏறுமுன் தீனி, இவை மூன்றும் கிளிஞ்சலைவிட அப்போது அதிகம் உதவும்.

ஓடு கெட்டதோடு தும்மல், மூச்சில் கரகரப்பு, முட்டை எண்ணிக்கை திடீரெனச் சரிவது, இவையும் சேர்ந்தால் தொற்றுநோய். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோல்முட்டையைச் சாப்பிட வேண்டாம். கிருமியைத் தடுக்கும் ஓடு அதற்கு இல்லை.

## ஓட்டில் ரத்தக்கோடு

குறுகலான வழியில் முதல்முறை முட்டை வரும்போது மெல்லிய ரத்தக்குழாய் ஏதாவது கீறும். ஓட்டில் கோடாகவோ புள்ளியாகவோ தெரியும். துடைத்துவிட்டுச் சமைக்கலாம். தொடர்ந்து பல நாள் வந்தால், அல்லது ரத்தம் கோடாக இல்லாமல் பூசினாற்போல் இருந்தால், கோழியைப் பிடித்து எச்சத்துவாரத்தைப் பாருங்கள். சிவந்த சதை வெளியே தள்ளி, உள்ளே போகாமல் நின்றால் அந்த நிமிடமே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். கோழிகளுக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் கொத்தும், கொத்தியே கொன்றுவிடும். சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையுறை போட்ட விரலில் வழவழப்புக்கு ஏதாவது தடவி மெதுவாக உள்ளே தள்ளி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து மருத்துவரை அழையுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவது உண்டு.

## முக்குகிறது, முட்டை வெளியே வரவில்லை

இந்த முழுக் குறிப்பிலும் காத்திருக்கவே கூடாத இடம் இதுதான். கோழி வாலைத் தாழ்த்தி, உடம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, கால்களை அகட்டி நிற்கும். அடிவயிறு விட்டுவிட்டு இறுகும். பெட்டிக்குள் போகும், வரும், மறுபடி போகும். தீனியைத் தொடாது. நேரமாக ஆக, கொண்டை வெளிறி, கண்ணை மூடிக்கொள்ளும். முட்டை வழியில் சிக்கியிருக்கிறது. முதல் முட்டை பெரிதாக இருந்தாலும், கோழி கொழுத்திருந்தாலும், கால்சியம் போதாமல் தசை சுருங்கத் திராணியில்லாமல் போனாலும் இது நடக்கும்.

ஒரு தொட்டியில் வயிறு முங்கும் அளவுக்கு வெந்நீரல்லாத, கைக்கு இதமான சூட்டில் தண்ணீர் விட்டு, கோழியை 20 முதல் 30 நிமிடம் உட்காரவையுங்கள். முதலில் திமிறும், சூடு ஏறியதும் அடங்கிவிடும். பிறகு துவட்டி, எச்சத்துவாரத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, கதகதப்பான இருட்டுப் பெட்டியில் தனியே விடுங்கள். கோழிக்குக் கொடுக்கக்கூடிய கால்சிய மருந்து கையிலிருந்தால் கொடுங்கள். வயிற்றை அமுக்கிப் பிதுக்க மட்டும் வேண்டாம். உள்ளேயே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு குத்தி, கருவும் கசிந்து, வயிற்றறையில் சீழ் பிடிக்கும். அதிலிருந்து கோழியை மீட்பது கடினம். சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

## ஓடு சொரசொரப்பு, சுருக்கம், நிறம் வெளிறல்

மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தால் கால்சியம் மிகையாகப் படிந்திருக்கிறது, தீங்கில்லை. இடையில் வளையம்போட்டாற்போல் தடிப்பு இருந்தால், ஓடு கட்டும்போது கோழி மிரண்டோ இடிபட்டோ விரிசல் விழுந்து மறுபடி பூசப்பட்டிருக்கிறது. பழுப்பு நிறம் கடைசி மணி நேரங்களில்தான் ஓட்டில் ஏறும். அதனால் மிரட்சி, வெயில், நோய் எதுவானாலும் நிறம் வெளிறும். ஓட்டின் அடிப்படை நிறம் ரகத்தைப் பொறுத்தது, தீனியால் வெள்ளையைப் பழுப்பாக்க முடியாது. எல்லா முட்டையும் சுருங்கிச் சுருங்கி, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால் மூச்சுக்குழாய்த் தொற்றாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

## முட்டை அழுக்காக இருக்கிறது, கழுவலாமா

கழுவாமல் இருப்பது நல்லது. வெளிவரும்போது ஓட்டின்மேல் ஈரமான ஒரு படலம் இருக்கும், நிமிடத்தில் காய்ந்துவிடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள், அவற்றை அடைத்துக் கிருமியைத் தடுப்பது அந்தப் படலம். கழுவினால் போய்விடும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் துடையுங்கள். எச்சம் அப்பியிருந்து கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சூடான நீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கைத் துளைவழியே உறிஞ்சிக்கொள்ளும். கழுவியதைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். தினமும் அழுக்கு முட்டை வருகிறதென்றால் கழுவுவதைவிட்டுப் பெட்டியின் படுக்கையை மாற்றுங்கள்.

## உடைத்தபின் வரும் சந்தேகங்கள்

முதல் முட்டையை வெள்ளைத் தட்டில் உடைத்துப் பார்க்கச் சொல்வேன். புதிய முட்டையின் மஞ்சள் கரு குமிழாக நிமிர்ந்து நிற்கும், அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளைக் கரு மேடாக நிற்கும், வெளிவட்டத்தில் மட்டும் கொஞ்சம் நீர்த்து ஓடும். வெள்ளைக் கரு சற்றுக் கலங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள். உள்ளே கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை, அவ்வளவு புதியது. மஞ்சள் கருவின் இரு பக்கமும் வெள்ளை முறுக்குக் கயிறு தெரியும். அது கருவை நடுவில் நிறுத்தி வைக்கும் நார், குஞ்சின் தொடக்கம் அல்ல. லேசான பச்சை மினுக்கம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் தருவது.

ரத்தப்புள்ளியைப் பார்த்துப் பலர் முட்டையைக் கொட்டிவிடுகிறார்கள். சூலகத்திலிருந்து மஞ்சள் கரு விடுபடும்போது சிறு ரத்தக்குழாய் அறுந்து விழுந்த துளி அது. சேவலே பார்க்காத கோழியின் முட்டையிலும் வரும். பிடிக்காவிட்டால் கத்திமுனையால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். சேவல் சேர்ந்த முட்டையா என்று தெரிய, மஞ்சள் கருவின்மேல் உள்ள வெண்புள்ளியைப் பாருங்கள். ஒழுங்கான வளையமாக இருந்தால் சேர்ந்தது. அடையின் சூடு கிடைக்காமல் அது வளராது, அன்றன்று எடுத்துவிட்டால் ருசியிலோ சத்திலோ வித்தியாசமில்லை.

மஞ்சள் கரு வெளிறியிருந்தால் தீனியில் கீரையும் புல்லும் மஞ்சள் மக்காச்சோளமும் சேருங்கள். நிறம் உடனே மாறாது. ஒரு மஞ்சள் கரு பெருத்து முதிரக் கடைசி ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும், அதற்குள் தின்றதுதான் அதில் தெரியும். ஆனால் நிறம் அடர்த்தியாக இருப்பதாலேயே சத்து அதிகம் என்று சொல்லிவிட முடியாது. மீன்வாடை அடித்தால் தீவனத்தில் மீன்தூள் அதிகமாக இருக்கலாம். பூண்டும் வெங்காயமும் நிறையத் தின்றாலும் வாசனை ஏறும்.

கோழிக்குப் புழுமருந்தோ நோய்க்கு மருந்தோ கொடுத்திருந்தால், முட்டையைச் சாப்பிடக் கூடாத நாட்கள் எத்தனை என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கும். போடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை ஆசையாக இருந்தாலும் அந்த நாட்கள் முடிகிற வரை முட்டையை ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்கோழி என்பதால் சால்மொனெல்லா கிருமி இருக்காது என்று நம்பவும் வேண்டாம். முட்டையை எடுத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள்.

## வேகவைத்தால் உரிக்க வரவில்லை

தோலோடு சேர்ந்து வெள்ளைக் கருவும் பிய்ந்து, பள்ளம் பள்ளமாக வருகிறதா? முட்டை மிகப் புதியது என்பதுதான் காரணம். அன்றைய முட்டையில் வெள்ளைக் கருவின் காரத்தன்மை குறைவு. அப்போது அது உள்தோலை இறுகப் பற்றிக்கொள்ளும். நாள் போகப் போகக் கரியமில வாயு துளைவழியே வெளியேறி, காரத்தன்மை ஏறி, பிடி தளரும். ஒரு வாரம் பத்து நாள் வைத்து வேகவைத்தால் தோல் கழன்று வரும். காத்திருக்க மனமில்லையென்றால் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்காமல், நன்றாகக் கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்குங்கள், அல்லது ஆவியில் வேகவையுங்கள். வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டு, நன்றாக ஆறியபின் அகன்ற முனையிலிருந்து உரியுங்கள், காற்றறை அங்கேதான் இருக்கிறது. புதுக்கோழி முட்டை சிறியது என்பதால் வழக்கமான நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம். மிஞ்சி வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும், கருவின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்வதால் வருவது, தீங்கில்லை.

என் வழக்கம், அன்று எடுத்ததைப் பொரிக்கவும் உடைத்து ஊற்றவும் வைத்துக்கொண்டு, வேகவைக்க ஒதுக்கும் முட்டைகளின் ஓட்டில் பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி தனியாக அடுக்கிவிடுவது.